கோல் வாங்கினால் அடிக்கும் பேண்டு

சின்னவளே, போன சனிக்கிழமை உன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நீ கடைசியாக ஓடி வந்தாய். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கோட்டைத் தாண்டி, தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் நீ வந்தாய். கூடாரத்தில் இருந்த அம்மா அப்பாக்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்று தட்டினேன். கையால் தட்டினால் கேட்காதென்று சாவிக்கொத்தை எடுத்துக் கூடாரத்து இரும்புக் கம்பியில் தட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "அப்பா எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டாரும்மா" என்று அழுதாய். உன் அண்ணனும் சேர்ந்துகொண்டான். "ஏன்பா, ஃபர்ஸ்ட்டு வந்தா தட்டணும். லாஸ்ட்டு வந்ததுக்கு யாராச்சும் தட்டுவாங்களா?" என்றான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வாயால் சொல்லப் போனால் பாதியில் கோபம் வந்துவிடும். எழுதினால் நிதானமாக எழுதலாம் என்று உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களை எடுத்துக்கொண்டேன். தோற்றவருக்குத் தட்டும் இந்தப் பழக்கம் எனக்கு ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டாலே முகத்தைச் சுளிப்பார். நாங்கள் அவரைக் கிராணியம்மா என்றுதான் சொல்வோம்.

இப்போது நான் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறேன். உங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்னால், எண்பதுகளில், பல்கலைக்கழகத்து பஸ் ஓட்டினேன். அங்கே மாணவர் விவகாரப் பிரிவில் அவர் பெரிய கிராணி. எழுத்து வேலை, கடித வேலை எல்லாம் அவர் கையில். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வீடு. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் என்பதால் அவருடைய தமிழ் எங்கள் தோட்டத்துத் தமிழ் மாதிரி இருக்காது. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒரு கையில் கோப்பி பிளாஸ்க், மறு கையில் மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. வெயிலென்றாலும் மழையென்றாலும் அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தில் கிராணி வருகிறார் என்றால் என் அப்பா அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போடுவார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதல் நாள் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கிராணியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, உம்மட பஸ் எத்தனை மணிக்கு வரவேணும்?"

"மூணு மணிக்கும்மா."

"இப்ப எத்தனை மணி?"

"மூணு அஞ்சு."

"அப்ப அந்த அஞ்சு நிமிசம் ஆரின்ட?"

பின்னால் நின்ற மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள்தான் பேண்டு.

அந்தப் பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்து ஹாக்கி டீம் ஆடும் இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கும் மாணவர் பேண்டு அது. மலாய்ப் பையன்கள் ஆறு பேர் கொம்பாங் என்ற கைப்பறை கொண்டுவருவார்கள். சீனப் பையன் ஒருவன் டிரம்பெட். பள்ளிப் பேண்டில் இருந்து வந்த பெண்கள் டிரம். கிள்ளானிலிருந்து வந்த சேகர் என்பவன் உருமி. எல்லாம் சேர்ந்து முழங்கும்போது மூன்று கல்யாணம் ஒரே திடலில் நடக்கிற மாதிரி இருக்கும்.

பல்கலைக்கழகம் டீமுக்கு எல்லாம் கொடுத்தது. பேண்டுக்குக் கொடுக்கவைத்தது கிராணியம்மா. பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே சும்மா கிடந்த அறையை வாங்கி ஸ்டோர் ஆக்கினார். ஈரத்தில் உருமித் தோல் தொய்ந்துபோகும் என்று சேகர் சொன்னதும், அந்த அறையில் இரவு பகலாக ஒரு பல்பு எரிய அனுமதி வாங்கினார். டீம் சட்டை மஞ்சள் என்பதால் பேண்டுக்கும் மஞ்சள் வேண்டும் என்று மேலே எழுதி, துணியை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தானே தொட்டுப் பார்த்து எடுத்து வந்தார். "விளையாடுறவன்ட காலுக்குச் சப்பாத்துக் குடுக்கிறியள். அடிக்கிறவனுக்குத் தோல் குடுக்க மாட்டியளோ?" என்று ஓர் அதிகாரியிடம் கேட்டதை நானே கேட்டேன்.

ஆட்டம் நடக்கும் மாலைகளில் வகுப்பிலிருந்து இவர்களை விடச் சொல்லி விரிவுரையாளர்களுக்குக் கடிதம் அடிப்பார். 'விளையாட்டைப் பார்க்கப் போகிறார்கள்' என்று ஒரு நாளும் எழுத மாட்டார். 'பல்கலைக்கழக அலுவலாகப் போகிறார்கள்' என்றுதான் எழுதுவார். ஒரு விரிவுரையாளர் கடிதத்தோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"டிரம் தட்டறது யூனிவர்சிட்டி வேலையா, மிஸ்?"

"உங்கட வகுப்பில அரைவாசிப் பேர் நித்திரை. இவன் அடிச்சா முழுத் திடலும் முழிச்சிருக்கும். எது வேலை எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இனி, குடை விஷயம். கிராணியம்மா ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பார். நாற்காலி கொண்டுவந்து போட்டால் அதில் பிளாஸ்க்கை வைப்பார். நம் டீம் கோல் போட்டால் பேண்டு தானாகவே அலறும். அப்போது அவர் குடையைத் தொடக்கூட மாட்டார். நம் டீம் கோல் வாங்கினால், அதாவது எதிரணி நமக்குக் கோல் போட்டால்தான், அந்தக் குடை மேலே எழும். குடை எழுந்தால் பேண்டு அடிக்க வேண்டும். பந்து திடலின் நடுவுக்குத் திரும்பி வருவதற்குள் அடித்தாக வேண்டும். அதற்கென்று ஓர் அடி வைத்திருந்தார்கள். டம். டம். டகடக டம். அவ்வளவுதான், மூன்று தடவை.

முதல் தடவை அதைப் பார்த்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு ஹாக்கி தெரியாது போல என்று நினைத்தேன். மெதுவாகக் கிராணியம்மா பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, நாமதானே கோல் வாங்கினோம்?"

"ஓம்."

"அப்புறம் ஏன் அடிக்கிறாங்க?"

"கோல் போட்டா ஆருக்கும் கத்த வரும். அதுக்குப் பேண்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்தப் பழக்கம் என்று ஒரே ஒரு நாள்தான் சொன்னார். கிள்ளானில் ஓர் ஆட்டம் முடிந்து திரும்பும்போது சாலை அடைத்துக்கொண்டது. பின்னால் பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். முன் இருக்கையில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானும் பள்ளிக்கூடத்தில நெட்பால் விளையாடினனான், தம்பி. கோல் காக்கிற இடம். பைனலுக்கு எங்கட பள்ளிக்கூடம் முழுக்க வந்திருந்தது. கடைசி நேரத்தில பந்து என்ட கைக்கு மேலால போயிட்டுது."

"ஏசினாங்களாம்மா?"

"ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒருத்தரும் ஒண்டும் பேசேல்லை. அத்தனை பேரும் பேசாமல் இருந்தினம். அந்த அமைதி இண்டைக்கும் என்ட காதில கிடக்கு." பிறகு சிக்னலைக் காட்டி, "பச்சை விழுந்திட்டுது, எடும்" என்றார்.

நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் கிராணியம்மாவை உங்களுக்குப் பாதிதான் தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு திடல், அந்தப் பக்கம் ஒரு திடல். நான் தப்பான பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். உள்ளே ஹாக்கி நடந்துகொண்டிருந்தது. ஒரு டீம் மஞ்சள் சட்டை. பிள்ளைகள் இறங்கி ஓடிப்போய் வரிசையாக நின்றார்கள். உடனே மஞ்சள் டீம் ஒரு கோல் வாங்கியது. குடை எழுந்தது. டம். டம். டகடக டம். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆட்டத்தை மறந்து எங்களையே பார்த்தார்கள்.

சேகர்தான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, நம்ம கோல்கீப்பர் ரஷீத் எங்க? அங்க கோல்ல நிக்கிறவருக்கு வழுக்கைலா!"

அது இரண்டு தொழிற்சாலைகளின் கிளப் ஆட்டம். எங்கள் ஆட்டம் சாலைக்கு அந்தப் பக்கம் தொடங்கியாகிவிட்டது. பிள்ளைகள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானார்கள்.

"எங்க போறியள்? நில்லுங்கோ!" என்றார் கிராணியம்மா.

"அக்கா, நம்ம மேட்ச் அங்க நடக்குதுலா!"

"அந்த மனுசன் கோல் வாங்கி இப்பதான் அடிச்சிருக்கிறம். இதில எழும்பிப் போனா அவர் என்ன நினைப்பார்? பாதி ஆட்டம் முடியட்டும்."

ஐந்து நிமிடம் நின்றோம். விசில் ஊதியதும் அந்த வழுக்கைத் தலைக்காரர் வேலிக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க எந்த பேக்டரி, பாஸ்?"

"பேக்டரி இல்லண்ணே, யூனிவர்சிட்டி" என்றான் சேகர்.

"எங்களுக்கு யூனிவர்சிட்டி பேண்டா!" என்று அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அன்று அவர்கள் ஆட்டம் முடிந்ததும் மஞ்சள் சட்டையோடு பாதிப் பேர் சாலையைத் தாண்டி வந்து, எங்கள் டீமுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள்.

திரும்பும்போது நான் தலையைக் குனிந்தபடி ஓட்டினேன். "தம்பி, அடுத்த முறை ரோட்டைப் பார்த்து ஓட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா" என்றார்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. ஓட்டும்."

நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. ஒரு நாள் பலத்த மழை. நான்கு கோல் வாங்கியாகிவிட்டது. டிரம்பெட் பையன் பாதியிலேயே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டான். கிராணியம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வாரம் பஸ் பட்டியலில் அவன் பெயர் இல்லை. இரண்டு நாள் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தார். "மழையிலதானேம்மா போனான்" என்று நான் பரிந்து பேசினேன்.

"மழைக்கு அவன் போகேல்லை. தோத்ததுக்குப் போனவன்."

அது அதிகம் என்று எனக்குப் பட்டது. சின்ன வயசுப் பையன். மூன்றாவது வாரம் அவன் பெயரைச் சேர்த்தார். அன்று ஸ்டோரைத் திறந்தபோது மற்ற வாத்தியமெல்லாம் வழக்கம்போல இருந்தன. அந்த டிரம்பெட் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. யார் துடைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வருகிறேன்.

கிராணியம்மா ஓய்வு பெறுவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்த நேரம் பார்த்து மாணவர் விவகாரப் பிரிவுக்குப் புதிதாக ஒரு துணைப் பதிவாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். எங்கள் திடலில் நடந்த அரையிறுதிக்கு எதிரணிப் பல்கலைக்கழகத்துப் பெரியவர்களை அழைத்து வந்து, பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். ஆட்டத்தை நாங்கள் வென்றோம். ஆனால் நடுவில் ஒரு கோல் வாங்கினோம். குடை எழுந்தது. பேண்டு முழங்கியது. வந்திருந்த விருந்தாளி ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் மாணவர்களுக்கு எங்கள் டீமைத்தான் பிடிக்கும் போலிருக்கிறதே!" என்று சொல்லிவிட்டார். துணைப் பதிவாளரின் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் காலை கிராணியம்மாவை உள்ளே கூப்பிட்டார். நான் பஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வெளியே நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"அது கொண்டாட்டம் இல்லை சார். கோல் வாங்கின பிள்ளைக்கு அடிக்கிறது."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பார்க்கிறவனுக்குத் தெரியுமா? தோற்பதைக் கொண்டாட பல்கலைக்கழகம் பேண்டு வைத்திருக்கிறது என்று பேர் வாங்க வேண்டுமா? இறுதியாட்டத்துக்கு ஒரு வாத்தியமும் ஸ்டோரை விட்டு வெளியே போகக்கூடாது. அதற்குப் பிறகு பேண்டு வேண்டுமா என்று யோசிப்போம்."

அந்த உத்தரவை டைப் அடிக்க வேண்டியவரும் கிராணியம்மாதான். வெளியே வந்து உட்கார்ந்து, ஒரு பிழை இல்லாமல் அடித்தார். தாளை உருவி, அதன்மேல் ஸ்டோர் சாவியை வைத்து, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிள்ளைகள் கொதித்தார்கள். "பூட்ட ஒடச்சிடலாம்கா. ரெண்டு நிமிஷ வேலை" என்றான் சேகர்.

"உடைச்சா அது களவு. என்ட பேண்டில கள்ளர் இல்லை" என்றார். எல்லாரும் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் இருக்கேக்கயே இது நிண்டுட்டா, தம்பி, நான் போன பிறகு ஆர் தொடங்கப் போயினம்?" அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

இறுதியாட்டம் கோலாலம்பூரில் வேறொரு திடலில். பார்க்கப் போகும் மாணவர்களுக்கு பஸ் வேண்டும் என்று வழக்கம்போல எழுதினார், வழக்கம்போல கிடைத்தது. பிள்ளைகள் மஞ்சள் சட்டையோடு வெறுங்கையாக ஏறினார்கள். வாத்தியம் இல்லாத அந்த பஸ் எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? திருப்பங்களில் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது.

அங்கே பஸ்ஸை நிறுத்த ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. முதல் பாதியில் அந்தக் கோலில் நின்றவன் எங்கள் ரஷீத். எங்கள் ஆட்கள் உட்கார்ந்த படிக்கட்டோ திடலின் மறு கோடியில். நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். பந்து ரஷீத்தின் காலுக்கு நடுவில் போனது. சுலபமாகப் பிடித்திருக்கலாம். அவன் குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்தான். எடுத்துக்கொண்டே எங்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான், காதைக் கொடுக்கிற மாதிரி. ஒன்றும் வரவில்லை.

தூரத்தில் குடை எழுந்ததைப் பார்த்தேன். வாத்தியம் இல்லாத பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கிராணியம்மா குடையை இறக்கி, மரப்பிடியால் படிக்கட்டுப் பலகையில் அடித்தார். சேகர் உள்ளங்கையால் அடித்தான். ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான். ஏதோ பெட்டியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் பாதித் திடலைத் தாண்டவில்லை. ரஷீத்துக்கு அது கேட்கவில்லை. அவன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் கை ஹார்னில் போய் விழுந்துவிட்டது.

பாம். பாம். பபபாம்.

ரஷீத் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். நடுவர்கூட துள்ளிவிட்டார். மேலே கம்பியில் இருந்த காக்கை எல்லாம் பறந்தன. நான் கையை எடுக்கவில்லை. மூன்று தடவை. ரஷீத் என்னைப் பார்த்துவிட்டான். சிரித்தான். பந்தை உருட்டிவிட்டு, தலைக்கவசத்தை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு கோலுக்குள் போனான்.

நடுவர் வேலிக்கு ஓடிவந்தார். "ஏய் டிரைவர், என்ன இது?"

"ஹார்ன் ஒட்டிக்கிச்சு சார். பழைய பஸ்ஸு."

ஒரு கால் மணி நேரத்தில் இரண்டாவது கோலும் வாங்கினோம். ஹார்ன் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சுற்றியிருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதற்குள் மறு கோடியில் பலகை அடி ஒன்றுசேர்ந்துவிட்டது. டம். டம். டகடக டம். இந்தத் தடவை எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு ரஷீத் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. விழுந்து தடுத்தான், உதைத்துத் தடுத்தான், ஒன்றை நெஞ்சால் தடுத்தான். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றோம். இரண்டுக்கு ஒன்று.

தோற்ற டீம் தலையைத் தொங்கப்போட்டு உடை மாற்றப் போவதுதான் வழக்கம். எங்கள் பையன்கள் நேராகப் படிக்கட்டுக்கு வந்தார்கள். பதினோரு பேரும் வரிசையாக நின்று, ஹாக்கி மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, படிக்கட்டின் கீழ்ப்பலகையில் அடித்தார்கள். டம். டம். டகடக டம். அவர்கள் பேண்டுக்கு அடித்தார்கள், பிள்ளைகளே. வாத்தியம் இல்லாமல் வந்தவர்களுக்கு அடித்தார்கள். நான் பஸ்ஸை விட்டுத் திடலைச் சுற்றி ஓடி வந்திருந்தேன். கிராணியம்மா பிளாஸ்க் மூடியைத் திறந்து, திருப்பி மூடினார்.

துணைப் பதிவாளர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். ரஷீத்தைக் கூப்பிட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"சார், நீங்கள் எப்போதாவது கோலில் நின்றிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அதான் சார்" என்றான் ரஷீத். மரியாதையாகத்தான் சொன்னான்.

நாங்கள் பஸ்ஸில் ஏறும்போது துணைப் பதிவாளர் என் ஜன்னலுக்கு வந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஹார்னில் கோளாறா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல சார்."

பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியென்றால் ஒர்க்ஷாப்புக்கு அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்டோர் சாவி கிராணியம்மாவின் மேசையில் இருந்தது. பேண்டு தொடர்ந்து நடக்கும், அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று துணைப் பதிவாளர் ஒரு கடிதமும் அடிக்கச் சொன்னார். அதையும் கிராணியம்மா பிழையில்லாமல்தான் அடித்தார். ஆனால் டைப்ரைட்டர் சத்தம் அன்று வாசல்வரை கேட்டது. கையெழுத்துப் போடும்போது துணைப் பதிவாளர், "இனிமேல் அந்த அடி அடிக்கும்போது விருந்தாளிகளுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்" என்றாராம்.

"சொல்லுங்கோ சார். நாங்கள் எப்ப கோல் வாங்குவம் எண்டுதான் முன்னாலயே சொல்ல ஏலாது" என்றாராம் இவர்.

கிராணியம்மா ஓய்வு பெறுகிற வாரத்தில் எங்கள் திடலில் ஒரு சாதாரண ஆட்டம். கோப்பை இல்லை, ஒன்றும் இல்லை. துணைப் பதிவாளர் பந்தலுக்குப் போகாமல் மாணவர்களோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கிராணியம்மா வழக்கமான இடத்தில் நின்றார். பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் பிளாஸ்க். இரண்டாம் பாதியில் ஒரு கோல் வாங்கினோம்.

கிராணியம்மாவின் கை குடையை எடுத்தது. பாதி தூக்குவதற்குள் உருமி கேட்டுவிட்டது. சேகர் அவரைப் பார்க்கவே இல்லை. அவன் கண் ரஷீத்தின் மேல் இருந்தது. கொம்பாங் சேர்ந்தது, டிரம்பெட் சேர்ந்தது. துணைப் பதிவாளர் எழுந்து நின்று, தாளம் தப்பித் தப்பித் தட்டிக்கொண்டிருந்தார்.

கிராணியம்மா பாதியில் நின்ற குடையைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தரையில் வைத்தார். குடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் ஒரு திடலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"கோப்பி கிடக்கு. குடிக்கிறீரோ, தம்பி?"

மூடியில் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி.

"இத்தனை வருசமும் நான் கோல்கீப்பரைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை" என்றார். "வடிவாத்தான் விளையாடுறாங்கள், என்ன?"

"ஆமாம்மா."

"இப்ப எத்தனைக்கு எத்தனை?"

சின்னவளே, இவ்வளவுதான் கதை. நீ அடுத்த வருடமும் ஓடு. கடைசியாக வந்தாலும் சரி, நடுவில் வந்தாலும் சரி, உன் விருப்பம். நீ முதலாவதாக வந்தால் கூடாரமே எழுந்து கத்தும், அப்போது நான் உட்கார்ந்திருந்தாலும் இருப்பேன். சாவிக்கொத்து சத்தம் கூச்சமாக இருந்தால் சொல், வெறுங்கையால் தட்டுகிறேன். தட்டாமல் இருக்க மட்டும் கேட்காதே.